அனுப்பியவர் பெயர்

பெண் பிள்ளை எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் போர்ட் பிளேயரில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மெயின்லேண்டிலிருந்து பேட்டி எடுக்க வருகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். வீட்டில் எதிர்த்தார்களா, ஊரில் தப்பாகப் பேசினார்களா என்று ஆசை ஆசையாகக் கேட்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இங்கே வங்காளிக்கு துர்கா பூஜைக்கு மேடைப் பாட்டு வேண்டும், மலையாளிக்கு ஓணத்துக்கு வேண்டும், எங்களுக்குச் சர்ச் திருவிழாவுக்கும் கோயில் கொடைக்கும் வேண்டும். வாசிக்கிற கையில் வளையல் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. எனக்கு நடந்தது வேறு கதை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் பேட்டிக்காரர்களின் முகம் வாடிவிடும். அவர்கள் எதிர்பார்க்கிற வில்லன் அதில் இல்லை. என் அண்ணன்தான் இருக்கிறான்.

அவனை "அவன்" என்றுதான் எழுதப் போகிறேன். இப்போது அவனுக்கு மேடையில் "அவர்" போட நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் ஒருத்தி குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போட் இன்ஜின் பழுது பார்க்க வந்தவர். போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் வீடு. நான் கிட்டார் கற்றது சர்ச் பாடகர் குழுவில். மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசையை ஒப்பேற்றிவிடலாம். நாலாவது கார்டு தெரிந்த அன்றைக்கு எனக்குப் புத்தி மாறியது. அண்ணன் பிளாஸ்டிக் வாளிகளில் அடித்துப் பழகி, பிறகு யாரோ ஊர் மாறிப் போகும்போது விட்டுப் போன டிரம்ஸுக்கு வந்தவன். என் எலெக்ட்ரிக் கிட்டார் பழையது. சென்னையிலிருந்து ஒருவர் கப்பலில் கொண்டுவந்து கொடுத்தார். அதை வைக்க இடம் வேண்டுமே. எங்கள் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை, மீதி நாள் உப்புக்காற்று. சர்ட்டிபிகேட்டும் பட்டுப்புடவையும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க எல்லார் வீட்டு பீரோவிலும் ஒரு குண்டு பல்பு இரவும் பகலும் எரியும். அம்மா தன் புடவைகளை ஒரு பெட்டியில் திணித்துவிட்டு, பல்பு எரிகிற அந்தத் தட்டை என் கிட்டாருக்குக் கொடுத்தாள். கேட்காமலேயே கொடுத்தாள். அம்மாவைப் பற்றிப் பின்னால் கசப்பாகச் சில விஷயங்கள் சொல்லப் போகிறேன், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் எங்கள் பேண்ட் உருவானது. நான் பாட்டும் கிட்டாரும். அண்ணன் டிரம்ஸ். பேஸ் கிட்டாருக்கு வடக்கே ரங்கத் ஊரிலிருந்து வந்த ஒரு வங்காளிப் பையன், பகலில் எலெக்ட்ரீஷியன், என்னை அக்கா என்கிற அர்த்தத்தில் தீதி என்று கூப்பிடுவான். கீபோர்டுக்கு மட்டும் ஆள் நிலைக்கவில்லை. வாசிக்கிற பிள்ளைகளின் அப்பாக்களுக்கு டிரான்ஸ்பர் வரும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கீபோர்டு போய்விடும். குட்வில் எஸ்டேட்டில் ஒரு காலனி விழாவில் முதன்முதலாக மேடை ஏறினோம். கூட்டம் கேட்டது இந்தி சினிமாப் பாட்டு. பாடினோம். நாலாவது பாட்டாக, யாரும் கேட்காமல், என் பாட்டு ஒன்றை நுழைத்தேன். பாதியில் குழந்தைகள் ஆட ஆரம்பித்துவிட்டன. பெரியவர்கள் இது எந்தப் படம் என்று கேட்டார்கள். படம் இல்லை, நான்தான் என்று சொன்னபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த வயதில் அது போதுமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணமான பாட்டு பிறந்தது ரங்கத் போகிற வழியில். ட்ரங்க் ரோட்டில் ஜிர்காடாங்கில் ஒரு கேட் உண்டு. ஜாரவா பழங்குடிகள் வாழ்கிற காட்டுக்குள் வண்டிகள் தனித்தனியாகப் போகக் கூடாது, வரிசை கட்டி, போலீஸ் காவலோடு, குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். அன்றைக்குப் பூஜைக்கு வாசிக்கப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பஸ் ஒரு வரிசையைத் தவறவிட்டுவிட்டது. பஸ் கூரையில் தார்ப்பாயில் சுற்றிய ஆம்ப்ளிஃபையர், மேலே மழை, முன்னால் மூடிய கேட். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து சீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே ஒரு கர்ப்பிணிப் பெண் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். "பாயி, இன்னும் எத்தன நேரம்?" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்டக்டரைக் கேட்டாள். பாயி என்றால் இங்கே அண்ணே. பூஜைக் கமிட்டி நோட்டீசின் பின்பக்கத்தில் அதை எழுதினேன். *கேட்டு தொறக்கல, பஸ்ஸு நவுறல, பாயி, இன்னும் எத்தன நேரம்?* எங்கள் ஊர்த் தமிழும் இந்தியும் கலந்த பாட்டு. இரண்டாவது சரணத்தில் அந்தப் பெண் கேட்டுக்கு வெளியிலேயே பிள்ளை பெற்றுவிடுவாள். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை, அவள் நல்லபடியாகத்தான் இறங்கினாள். பாட்டில் எனக்குக் கோபம் வேண்டியிருந்தது.

அன்று ரங்கத் பந்தலில் அதைப் பாடினேன். அந்த கேட்டில் காத்துக் கிடக்காதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் தடவை பாடச் சொன்னார்கள், மூன்றாம் தடவை அவர்களே பாடினார்கள். அடுத்த வருஷம் நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ரங்கத் பஜாரில் காய்கறி விற்கிறவர்கள், "கேட் வாலா கானா கானா ஹை தீதி", கேட் பாட்டைப் பாடணும் அக்கா, என்று குரல் கொடுத்தார்கள். என்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது, இந்தப் பாட்டு என்னுடையது என்பது மட்டும் வடக்கே மாயாபந்தர் வரை தெரியும்.

பிறகு ஐந்து பாட்டுகளை ஷெட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரில் பதிவு செய்தோம். மழை தகரத்தில் விழாத நேரமாகப் பார்த்துப் பார்த்து ஆறு மாதம் எடுத்தது. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் புதிய பேண்டுகளைத் தேடுகிறார்கள் என்று தெரிந்து எழுதினோம். ஒரு பாட்டையாவது கேட்க வேண்டும், அனுப்புங்கள் என்றார்கள். அனுப்புவதா? கடலடியில் கேபிள் போடுவதற்கு முந்தைய காலம் அது. ஒரு போட்டோ மெயிலில் போவதற்குள் சோறு வடித்துவிடலாம். நேரிலேயே வருகிறோம் என்று பதில் எழுதிவிட்டு மூன்று கப்பல் டிக்கெட் எடுத்தோம்.

கப்பல் சொன்ன தேதியில் கிளம்பியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. புயல் சின்னம் என்று தள்ளிப் போனது. புதிய தேதி, அம்மாவின் கண் ஆபரேஷன் தேதிக்கு முந்தைய நாளாக வந்து விழுந்தது. கண் டாக்டர் மெயின்லேண்டிலிருந்து முகாமுக்கு வருகிறவர், விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. அப்பா அதற்குள் இறந்துவிட்டிருந்தார். "யாராச்சும் ஒருத்தர் கூட இருக்கணும்லா" என்றாள் அம்மா. யார் என்று அவள் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான், நான் என் பெட்டியைப் பிரித்தேன். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி இருந்ததே யாருக்கும் தெரியாதது போல அந்த மத்தியானம் கழிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பேஸ் வாசிக்கிறவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணன் மட்டும் கப்பல் ஏறினான்.

பாட்டுகளைப் பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு பழைய துண்டில் சுற்றி, அதன்மேல் பாலிதீன் சுற்றி, டேப் ஒட்டிக் கொடுத்தேன். எங்கள் தீவில் ஒருவர் மெயின்லேண்ட் போகிறார் என்றால் ஊரே பொட்டலத்தோடு வந்து நிற்கும். கருவாடு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் கைமாறித்தான் போகும். பொட்டலத்தின்மேல் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர் பெயரை மட்டும் எழுதுவோம். அனுப்புகிறவர் பெயரை எழுத மாட்டோம். கொண்டுபோகிறவர் வாயால் சொல்வாரே, பிறகு எதற்கு? அப்படியும் எழுதினால் கொண்டுபோகிறவரை நம்பவில்லை என்று ஆகும், அவர் முகம் சுண்டிப் போகும். அந்தப் பழக்கத்தில் நானும் டேப்பின்மேல் ஸ்டூடியோவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். உள்ளே பாட்டுகளின் பெயர்கள் "கேட்", "மழை", "மூணாவது" என்று இருந்தன. என் பெயர் எங்கேயும் இல்லை. ஹாடோ ஜெட்டியில் கையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன்.

அவன் பத்து நாளில் போன் செய்தான். பாட்டு பிடித்திருக்கிறதாம். டிரம்ஸ் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். குரலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். தமிழ் ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் இந்திக்காரி பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்களாம். நான் வந்து மறுபடி பாடித் தருகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றான். அடுத்த மாதமும் பார்க்கலாம் என்றான். அதற்கடுத்த மாதம் அங்கேயே ஒரு பேண்டில் வேலை கிடைத்திருக்கிறது, கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றான்.

எட்டு மாதம் கழித்து அபர்தீன் பஜாரில் ஒரு மொபைல் கடையில் ரீசார்ஜ் செய்ய நின்றேன். கடையில் என் பாட்டு ஓடியது. என் டியூன், நான் போட்ட கிட்டார் ஆரம்பம், ஆனால் பாடுகிறது ஓர் ஆண். "கேட்டு தொறக்கல" என்கிறான். எந்த கேட்? காதலியின் வீட்டு கேட். பஸ் இல்லை, காடு இல்லை, அந்தக் கர்ப்பிணி இல்லை. பைக்கில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தியின் வீட்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்கிறான். "பாயி" என்கிற வார்த்தையை மட்டும் அழகுக்காக வைத்துக்கொண்டார்கள். கடைக்காரர் போனைக் காட்டினார். பாடல், இசை என்று போட்ட இடத்தில் என் அண்ணன் பெயர்.

கடை வாசலில் நின்றே அவனுக்குப் போன் செய்தேன். நான் கத்துவேன் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும், முதலில் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, தான் சொன்னதாகவும் அவர்கள் போடவில்லை என்றும் சொன்னான். பிறகு, யார் எழுதியது என்று கையெழுத்து கேட்டார்கள், நீ அங்கே இருக்கிறாய், அவர்களுக்கு அவசரம் என்றான். அடுத்த பாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவன் குரலில் ஒரு திருட்டுப் பதற்றம் தெரிந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நிதானமாக, பஸ்ஸில் இடம் பிடித்தவன் பேசுகிற மாதிரி பேசினான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஆபரேஷன் ஆன கண்ணோடு என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அவன் பேருன்னா என்ன, ஒன் பேருன்னா என்ன, ரெண்டுக்கும் முன்னால உங்கப்பா இனிஷியல்தானட்டி இருக்கு. ஒரு பிள்ளையாச்சும் கரையேறுச்சேன்னு இரு."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளைதான் கரையேறும் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அம்மாவின் மேல் எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. அவளுக்குக் காலையில் இட்லி ஊற்றிக் கொடுக்கும்போதும் இருக்கிறது.

ஒரு வக்கீலிடம் போனேன். பதிவு செய்த கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொன்னார். ஷெட்டில் அதைத் திறந்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. உப்புக்காற்று தின்றுவிட்டது. கிட்டாரை பல்பு எரிகிற பீரோவில் வைத்தவளுக்குக் கம்ப்யூட்டரை அங்கே வைக்கத் தோன்றவில்லை. வக்கீல் சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். ரங்கத்தில் பாதி ஊர் என்றேன். அவர் சிரித்துவிட்டு டீ சொன்னார்.

அதன்பிறகு என் தொழில் வாழ்க்கை என்று சொல்ல வேண்டுமென்றால், பேண்ட் கலைந்தது. டிரம்ஸ் இல்லாமல் ராக் வாசித்தால் குத்துவிளக்கு ஏற்றுகிற நேரத்துப் பாட்டு மாதிரி இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒப்பந்த ஆசிரியையாக "மாடர்ன் மியூசிக்" என்று ஏதோ கற்றுக்கொடுத்தேன். சீசனில் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே பாடுகிறேன். நண்டு உடைக்கிற சத்தத்தை மீறிப் பாடப் பழகிவிட்டேன். தேனிலவுக்கு வருகிற தமிழ் ஜோடிகள் அந்தப் பாட்டைத்தான் கேட்பார்கள். பெண் வீட்டு கேட்டோடுதான் பாடுவேன். என் வரிகளைப் பாடினால், மேடம் வார்த்தையை மறந்துவிட்டார் என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். மறக்கிறவள் என்ற பெயர் எடுப்பதற்கு இது மேல்.

போன வருஷம் அண்ணன் ஊருக்கு வந்தான். இதற்குள் அவன் நாலைந்து படத்துக்கு இசை அமைத்துவிட்டான். எங்கள் மக்கள் போர்ட் பிளேயரில் ஒரு மண்டபம் பிடித்து, தீவின் மைந்தன் என்று பேனர் அடித்து, அவனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பின்னால் வாசிக்க உள்ளூர் ஆட்கள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார்கள். அம்மா ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள், போனேன். கேட்டுக்கொண்டதற்காகப் போகவில்லை. மைக் கிடைக்கும் என்பதற்காகப் போனேன். அத்தனை வருஷமாக நான் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. ரங்கத்திலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். பேஸ் வாசிக்கப் பழைய வங்காளிப் பையனே வந்திருந்தான், தலை நரைத்துவிட்டது. தொகுப்பாளர், "அவரது தங்கையும் கொஞ்சம் பாடுவார்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். அந்தப் பாட்டு வந்தது. கிட்டார் ஆரம்பத்தை வாசிக்காமல் கையை நிறுத்திவிட்டு, மைக்கில் சொன்னேன்.

"இந்தப் பாட்ட எழுதுனது நான். டியூன் போட்டதும் நான். ரங்கத் போற பஸ்ல வச்சு எழுதுனது."

பேஸ் வாசிக்கிறவன் என்னையே பார்த்தான், பிறகு தன் தந்திகளைப் பார்த்தான். அண்ணன் சிரித்தான். எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டு என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என் மைக்கிலேயே குனிந்து பேசினான்.

"ஆமா, நெசந்தான். இது எங்க வீட்டுப் பாட்டு. என் தங்கச்சி இல்லன்னா நான் இல்ல."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா அழுதேவிட்டாள். ரங்கத்துக்காரர் ஒருவர் விசில் அடித்தார். நான் இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்த குற்றச்சாட்டு, அண்ணன் தங்கை பாசமாகி, வீடியோவாகி, அன்றைக்கே ஊர் முழுக்கப் போனில் சுற்றியது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் வாக்கியம் இல்லை. வாசித்தேன். பெண் வீட்டு கேட்டோடுதான்.

விழா முடிந்து மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நான் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன், சண்டை போட ஆசையாகவும் இருந்தது. அவன் கதவைச் சாத்திவிட்டு, எனக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழுத்து மாலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அருகில் பார்க்கும்போது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு படத்துக்கு ஆறு மாதமாக ஒன்றும் அமையவில்லை என்றான். பிறகு கேட்டான்.

"ஏட்டி, வேற பாட்டு எதுவும் வச்சிருக்கியா?"

நான் அவனை அடித்திருக்க வேண்டும். குறைந்தது, எழுந்து போயிருக்க வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன். "இருக்கு" என்றேன். யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. பாட்டு வைத்திருக்கிறாயா என்று என்னை யாரும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டதில்லை, ரிசார்ட்டில் கேட்டதில்லை, வீட்டில் கேட்டதே இல்லை. கிட்டாரை உறையிலிருந்து மறுபடி எடுத்தேன். எனக்குக் கோபம் இல்லை, அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. ஷெட்டில் முதன்முதலாக அவனிடம் பாடிக் காட்டியபோது இருந்த அதே சந்தோஷம். அவன் பழைய மாதிரியே முழங்காலில் விரலால் தாளம் போட்டான், சரியான இடத்தில் போட்டான். இந்த உலகத்தில் என் பாட்டில் எந்த இடத்தில் அடி விழ வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

இரண்டு வரி பாடியபிறகுதான் நாற்காலிக் கையின்மேல் கிடந்த அவன் போனில் ரிகார்டு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நிறுத்தினேன். மீதி மறந்துவிட்டது என்றேன். நினைவு வந்தால் அனுப்பு என்று சொல்லி அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், என் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

மீதிப் பாட்டை நான் மறக்கவில்லை. அனுப்பவும் மாட்டேன். ஆனால் அந்த இரண்டு வரி அவனிடம் இருக்கிறது. மூன்றாவது வரியை அவனே போட்டுக்கொள்வான். எங்கேயாவது பாட்டு ஓடினால் இப்போதெல்லாம் நின்று கேட்கிறேன், என்னுடையதுதானா என்று.